வாஞ்சூரில் முடியும் வாக்குறுதி

2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாடு முழுக்க நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். நாகூர் வார்டுகளும் நாகப்பட்டினம் நகராட்சியில்தான் வருகின்றன. சாக்கடை, குடிநீர், குப்பை என்று பேச வேண்டிய தேர்தல். ஆனால் டாஸ்மாக் கடை எந்த உள்ளாட்சித் தேர்தலிலும் தவறாமல் வந்து நிற்கும் பேச்சு. அந்த ஆண்டு பள்ளிக்கூடத்தில் மதம் என்ற பேச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. மதுவைப் பேசியது நியாயம். அதற்குக் கொடுத்த வாக்குறுதிதான் பொய். மதத்தைப் பேசிய விதமே அநியாயம்.

முதலில் மது. 'நான் ஜெயித்தால் இந்தக் கடையைத் தூக்கிவிடுவேன்' என்று கவுன்சிலர் வேட்பாளர் சொல்லும்போது, தன் கையில் இல்லாத சாவியைக் காட்டி ஓட்டு கேட்கிறார். கடை வைப்பதும் எடுப்பதும் மாநில அரசின் அதிகாரம். 1937 அக்டோபரில் சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியதும், 1971-ல் கருணாநிதி அதைத் தளர்த்தியதும், 1981-ல் எம்.ஜி.ஆர். விலக்கியதும், 2003-ல் ஜெயலலிதா சில்லறை விற்பனையை டாஸ்மாக்கிடம் கொடுத்ததும் எல்லாம் கோட்டையில் எடுத்த முடிவுகள். 2016-ல் 500 கடை, 2017-ல் 500, 2023-ல் 500 என்று மூடியபோதும் எந்தக் கடை என்பதை எந்த நகராட்சி மன்றமும் தீர்மானிக்கவில்லை. 2023-24-ல் மட்டும் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் ரூ.45,000 கோடிக்கு மேல். அந்தத் தொகைக்கு எதிரே ஒரு வார்டு உறுப்பினரின் தீர்மானம் எவ்வளவு தூரம் போகும்?

ஆனாலும் இந்தப் பேச்சை வெறும் நடிப்பு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. குறை உண்மையானது, அது தெருவில் இருக்கிறது. நெடுஞ்சாலையோரக் கடைகள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, 2017-ல் கடைகள் குடியிருப்புகளுக்குள் நகர்ந்தன. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண் ஒருவரைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. அந்தப் பெண்கள் முதலில் தட்டக்கூடிய கதவு கவுன்சிலர் வீட்டுக் கதவுதான்.

நாகூருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மதுவிலக்கு பேசும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. தர்கா அலங்கார வாசலிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் வாஞ்சூர். அங்கிருந்து காரைக்கால், அதாவது புதுச்சேரி ஆட்சி, புதுச்சேரி வரி, புதுச்சேரி விலை. எல்லையைத் தாண்டியதும் சாலையோரம் மதுக்கடைகள். சோதனைச்சாவடியில் பையைப் பிரித்துப் பார்ப்பதும், வண்டி சீட்டைத் தூக்கிப் பார்ப்பதும் இந்தப் பக்கத்தில் பழகிப்போன காட்சி. பாட்டிலைத்தான் அங்கே பிடிக்கலாம். அங்கேயே குடித்துவிட்டு வருகிறவனின் கூலி போன பிறகு பிடிக்க என்ன இருக்கிறது? நாகூரில் இருக்கும் கடைகளை எல்லாம் நாளைக்கே மூடினாலும், கூலி வாஞ்சூருக்குப் போக ஒரு டவுன் பஸ் போதும். இதில் கொடுமை என்னவென்றால், அந்தக் கடைகளைப் பற்றிக் கேட்க அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சியே இல்லை. புதுச்சேரி 2006-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடத்தவில்லை.

மதுவிலக்கு வந்தால் கள்ளச்சாராயம் பெருகும் என்பது வழக்கமான மறுப்பு. அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, மாநிலத்தில் 4,800-க்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் திறந்தே இருந்தன. கடை இருந்தாலே கள்ளச்சாராயம் ஒழியும் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிட்டது.

அப்படியானால் உள்ளாட்சி வேட்பாளர் நேர்மையாக எதைச் சொல்லலாம்? அதிகாரம் கேட்டுப் போராடுவேன் என்று சொல்லலாம். மகாராஷ்டிராவில் ஒரு வார்டின் பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் கடையைப் பற்றி ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். போதிய வாக்குகள் எதிராக விழுந்தால் கடையை மூடியாக வேண்டும். அப்படி ஒரு விதி தமிழ்நாட்டுக்கு வரவேண்டும் என்று நகராட்சியில் தீர்மானம் போடலாம். இன்னொன்றும் உண்டு. நகராட்சி எல்லைக்குள் வழிபாட்டுத் தலத்துக்கும் பள்ளிக்கும் 50 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்பது 2003-ஆம் ஆண்டு விதி. ஆனால் நகரமைப்புத் திட்டத்தில் 'வணிகப் பகுதி' என்று குறித்த இடங்களுக்கு அந்தத் தூரக் கட்டுப்பாடு பொருந்தாது. கடைத்தெருவும் வழிபாடும் பள்ளியும் ஒட்டிக்கொண்டு கிடக்கும் நாகூர் போன்ற ஊரில் இந்த ஒரு வரி எவ்வளவு பெரிய ஓட்டை! நகரமைப்புத் திட்ட வரைபடத்தில் எந்தத் தெருவுக்கு என்ன நிறம் பூசுகிறார்கள் என்று கவனித்து ஆட்சேபம் எழுதிக் கொடுக்கிறேன் என்பவருக்கு நான் தயங்காமல் ஓட்டுப் போடுவேன்.

பள்ளியில் மதம் என்பதற்கு வருவோம். 2022 ஜனவரி 19 அன்று, வாக்குப்பதிவுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, தஞ்சாவூர் மாவட்டம் மைக்கேல்பட்டியில் கிறித்தவ நிர்வாகப் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்த பிளஸ் டூ மாணவி ஒருவர் இறந்தார். அவர் பேசிய காணொளி ஒன்று வெளிவந்தது. மதமாற்ற வற்புறுத்தல் என்று குற்றச்சாட்டு எழுந்தது. விசாரிக்க வேண்டிய குற்றச்சாட்டுதான். ஜனவரி 31-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கை சிபிஐக்கு மாற்றியதையும், பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்ததையும் நான் குறை சொல்லவில்லை. குறை, விசாரணை முடியுமுன்பே தீர்ப்பை மேடையில் சொன்னவர்கள் மீது. கட்டாய மதமாற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்று சிபிஐ நீதிமன்றத்தில் சொன்னது 2024-ல். விடுதிக் கணக்கு வழக்கு வேலைகளை ஒரு பிளஸ் டூ பெண்ணின் தலையில் கட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது. டெல்டாவின் எல்லா விடுதிகளுக்கும் பொருந்தும் கேள்வி அது. அதை எந்த வேட்பாளரும் தேர்தல் பிரச்சினை ஆக்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

கர்நாடகக் கல்லூரிகளில் ஹிஜாப் தகராறு கிளம்பியிருந்த நேரமும் அதுதான். வாக்குப்பதிவு அன்று மதுரை மாவட்டம் மேலூரில், ஒரு பள்ளியில் அமைந்த வாக்குச்சாவடியில், வாக்களிக்க வந்த முஸ்லிம் பெண்ணின் ஹிஜாபுக்கு பாஜக முகவர் ஆட்சேபம் சொன்னார். மற்றக் கட்சி முகவர்கள் எதிர்த்தார்கள், போலீஸ் அவரை வெளியேற்றியது. வகுப்பறைச் சண்டையைத் தேர்தலுக்குள் இழுத்தால் அது கடைசியில் வாக்காளரின் முக்காட்டில் வந்து நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அதற்காகப் பள்ளியில் மதம் நுழைவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024-ல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில், உடல் குறைபாட்டை முன்பிறவிப் பாவமாகப் பேசிய ஒருவருக்கு மேடை கிடைத்தது. எழுந்து எதிர்த்தவர் பார்வையற்ற ஆசிரியர். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்றும், அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் பிள்ளையை அதில் உட்காரவைக்கக் கூடாது என்றும் அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. எந்த நிர்வாகம் மீறினாலும், அது கிறித்தவப் பள்ளியானாலும் இந்துப் பள்ளியானாலும் முஸ்லிம் பள்ளியானாலும், கல்வி அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். நாகப்பட்டினம் நகராட்சியின் அடுத்த தேர்தலில் பள்ளிகளைப் பற்றிப் பேச வருகிறவர், தன் வார்டுப் பிள்ளைகள் தங்கும் விடுதிகளை யார், எப்போது ஆய்வு செய்தார்கள் என்ற விவரத்தோடு வரட்டும்.