சூத்திரத்தில் அடங்காத முகவரி

கணினிப் படிவத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைப் பிழையின்றி எழுதுகிறீர்கள். ‘முகவரி செல்லாது’ என்று மறுப்பு வருகிறது. முகவரியை ஐயுற வேண்டாம். நிரல் எழுதியவரின் சூத்திரத்தை ஐயுறுங்கள்.

இச்சூத்திரத்திற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர். எழுத்துகள் எந்த வரிசையில் அமைய வேண்டும் என்பதைச் சில குறிகளால் சுருக்கிச் சொல்வது அது. 1950-களில் கணித அறிஞர் ஸ்டீஃபன் கிளீனி வகுத்த கருத்து இது. 1968-இல் கென் தாம்சன் இதைக் கொண்டு கணினியில் சொல் தேடும் முறையை வெளியிட்டார். பின்கோடு ஆறு இலக்கமா என்று பார்க்க மிக நல்ல கருவி. மின்னஞ்சல் முகவரியிடம்தான் தடுமாறுகிறது.

பலர் எழுதிய சூத்திரம் எப்படி இருந்தது? எழுத்துகளும் எண்களும், பிறகு @ குறி, தளப்பெயர், ஒரு புள்ளி, முடிவில் இரண்டு முதல் நான்கு எழுத்துகள். ஆனால் ஆங்கிலத்தில் ஆறெழுத்துள்ள ‘மியூசியம்’ என்னும் முடிவு 2001-லேயே வந்துவிட்டது. @ குறிக்கு முன்னே கூட்டல் குறி வரலாம். ஓ’பிரையன் போன்ற அயர்லாந்துப் பெயர்களில் உள்ள மேற்கோள் குறியும் வரலாம்.

1982-இன் விதியோ முகவரிக்குள் அடைப்புக்குறியிட்டுக் குறிப்புரையும், அதனுள் மற்றொரு குறிப்புரையும் எழுத இடந்தந்தது. அவ்விதி முழுவதையும் அடக்க முயன்று பெர்ல் மொழியில் அமைத்த சூத்திரம் 6,000 குறிகளைத் தாண்டியது. அதற்கும் குறிப்புரைகளை முதலில் நீக்கித் தர வேண்டும்!

2012-இல் வந்த விதிப்படி தமிழ் எழுத்திலும் முகவரி அமையலாம். ‘எம்மொழி எழுத்தும் வரலாம்’ என்று தாராளமாக எழுதிய சூத்திரம் இதை ஏற்குமா? ‘மலர்’ என்று எழுதிப் பாருங்கள். யூனிகோடு அட்டவணையில் ம, ல, ர ஆகியவை எழுத்துகள். ர் மேலுள்ள புள்ளியோ ‘துணைக்குறி’ என்னும் வேறு வகை. சூத்திரம் அங்கே நின்றுவிடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்த நம் இலக்கணத்தார் கேட்டால் என்ன சொல்வார்களோ! தம் பெயரைத் தம் எழுத்தில் எழுதியவருக்குத் தேர்வுக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும் வழி இதனால் அடைபடுகிறது.

இத்தனை கண்டிப்பால் பயன் உண்டா? ‘ஜிமெயில்’ என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிடுங்கள். சூத்திரம் மகிழ்ச்சியோடு ஏற்கும், கடிதம் மட்டும் உங்களுக்கு வராது. வடிவத்தைப் பார்க்கும் சூத்திரம் அஞ்சற்பெட்டி இருக்கிறதா என்று எப்படி அறியும்? நிரல் பழகும் மாணவர்கள், @ குறியும் அதன் இருபுறமும் ஏதேனும் எழுத்தும் உண்டா என்பதோடு சோதனையை நிறுத்திக்கொண்டு, அம்முகவரிக்கு ஓர் எண்ணை அனுப்பட்டும். அவ்வெண்ணைப் படிவத்தில் எழுதத் தெரிந்தவருக்கே அந்த முகவரி உரியது.