யாரோடு சேர்ந்து செய்த சாவி?

பொறியியல் ஆய்வரங்குகளில் ஒரு தலைப்புக்கு மவுசு குறைவதே இல்லை: வளம் குறைந்த, நகரும் கம்பியில்லாக் கருவிகளுக்கான ரகசியச் சாவி உருவாக்கம். இரண்டு கருவிகளுக்கு இடையே அலையின் வலிமை ஏறி இறங்குகிறது; அந்த ஏற்ற இறக்கம் இருபுறமும் ஒன்றுபோலத் தெரியும்; அதை அளந்து பிட்டுகளாக்கினால் சாவி தயார். ஓயாமல் ஆடும் ராமேஸ்வரம் விசைப்படகு இதற்குத் தோதான களம் என்றே யாருக்கும் தோன்றும்.

முறையில் அழகு இல்லாமல் இல்லை. முன்கூட்டிச் சாவி ஏற்ற வேண்டாம், நடுவில் சர்வர் வேண்டாம். யூட்டா பல்கலைக்கழகக் குழு 2009-இல் உண்மையான சூழல்களில் சோதித்தபோது, கருவிகள் நகர்ந்தால் நல்ல பிட்டுகள் கிடைத்தன. அசையாமல் நின்றால்தான் சிக்கல்: எதிராளி குறுக்கே நடமாடியே சாவியைத் தன் விருப்பப்படி வளைக்க முடிந்தது. படகு நிற்பதில்லை என்பதால் அதை விட்டுவிடலாம்.

அரை அலைநீளம் தள்ளி நின்று ஒட்டுக்கேட்பவருக்குச் சாவி புரியாது என்று இந்த முறை தரும் உறுதிமொழியை மட்டும் அப்படி விட முடியாது. கடல் விஎச்எஃப் அலைக்கு அந்தத் தூரம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கட்டடமும் மரமும் அலையைச் சிதறடிக்கும் ஊருக்குள் அந்த உறுதிமொழி செல்லும். திறந்த கடலிலோ நேர் அலையும், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையுமே மிச்சம். பக்கத்துப் படகுக்காரர் பெரும்பகுதியை ஊகித்துவிடலாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை, எதிர்முனையில் இருப்பது யார் என்பதை அலை சொல்லாது என்பது. வாக்கி டாக்கியில் மீனவர் குரலை வைத்தே ஆளைக் கண்டுகொள்வார். இந்த முறைக்கு அந்தக் காது இல்லை. பொய்ப்பெயரில் வரும் படகோடும் அது பிசிறில்லாத சாவி ஒன்றைச் செய்து கொடுத்துவிடும். முதல் சந்திப்புக்கு மட்டும் முன்பே பகிர்ந்த ரகசியம் ஒன்று இருக்கட்டும் என்பது ஆதரவாளர்களின் வழக்கமான பதில். அது கையில் இருந்தால் அதிலிருந்தே அன்றாடச் சாவிகளைப் பிறப்பித்துவிடலாமே! அப்புறம் அலையை அளப்பது எதற்கு?

கடலில் நடந்த ஏமாற்றுகளும் ஆள்மாறாட்டத்தைச் சேர்ந்தவைதான். கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் முறையில் அனுப்புநரைச் சரிபார்க்க வழியே இல்லை. ட்ரெண்ட் மைக்ரோ ஆய்வாளர்கள் 2013-இல் இல்லாத கப்பலை மத்தியதரைக் கடல் வரைபடத்தில் ஓட்டிக் காட்டினார்கள். 1974, 1976 இந்திய–இலங்கை ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லைக்கோட்டுக்கு இப்பால் படகு நின்றதா அப்பால் நின்றதா என்பதில் கைதும் படகுப் பறிமுதலும் தொங்கும் கரை இது. இங்கே பொய்யான இருப்பிடம் எவ்வளவு விலை பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. படகுக்கு வரும் புயல் எச்சரிக்கையோ ரகசியமே அல்ல. ஊரறிய ஒலிக்க வேண்டியது. அது உண்மையான இடத்திலிருந்துதான் வந்ததா என்பதே கேள்வி.

வளம் குறைவு என்ற சாக்கும் பழசாகிவிட்டது. கோர்டெக்ஸ் எம்0 போன்ற சின்னச் சில்லில் கர்வ்25519 என்ற பொதுச்சாவி முறையின் கணக்கு ஒன்றுக்குச் சுமார் 36 லட்சம் சுழற்சிகள் போதும். 48 மெகாஹெர்ட்ஸில் நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பரிமாற வேண்டியது ஆளுக்கு 32 பைட். அலை அளக்கும் முறையிலோ, ஓர் அளவுக்கு ஒரு பிட் என்று வைத்தாலும், 128 பிட்டுக்கு நூறு தடவைக்கு மேல் ஒலிபரப்ப வேண்டும். பேட்டரியைத் தின்பது கணக்கு அல்ல, ஒலிபரப்பு.

படகுகளுக்கு வரும் புதிய கருவிக்கும் இந்த முறை பொருந்தாது. 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டம், இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரை 1 லட்சம் படகுகளில் பொருத்துவது. அதில் செய்தி செயற்கைக்கோள் வழியே போகிறது. அங்கே ஏறும் அலைவரிசை வேறு, இறங்கும் அலைவரிசை வேறு. இருபுறமும் ஒன்றுபோலத் தெரியும் என்ற அடிப்படையே ஆட்டம் காண்கிறது.

படகு யாருடையது என்று சரிபார்க்கும் ஏற்பாடு கரையிலேயே இருக்கிறது. ராமேஸ்வரத்தில் மீன்வளத் துறை டோக்கன் இல்லாமல் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்க, அதிகாரிகள் பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கருவியில் சாவியை ஏற்ற அந்த ஆய்வு நாளே போதும்.