விலைக்கு வாங்கினால் பாவம் இல்லையா?

புலால் உணவைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், நம்மில் சிலர் திருக்குறளின் 26ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து இலைக்காரரை அடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். இது சரியான வாசிப்பு அல்ல. அந்த அதிகாரம் இருப்பது துறவறவியலில். இல்லறத்தானை இழிவுபடுத்த வள்ளுவர் அதை எழுதவில்லை.

அதற்காக "சாமியாருக்குச் சொன்னது, நமக்கென்ன?" என்று தள்ளிவிடவும் முடியாது. 256ஆம் குறள் பேசுவது கடைவீதியைப் பற்றி. அதில் 'கொல்லாது' என்று ஒரு பாடம், 'கொள்ளாது' என்று ஒரு பாடம், இரண்டும் அச்சில் உண்டு. நாற்பது வருஷமாகத் தராசு பிடித்தவன் என்ற முறையில் எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. அடுத்த அடியில் விற்பவன் வருகிறானே, முதல் அடியில் வாங்குபவன் இருக்க வேண்டாமா? கொள்வார் இல்லாத சரக்கை எவன் கொண்டுவருவான்?

தனக்காகக் கொன்றதைப் பார்க்காமலும் கேட்காமலும் சந்தேகப்படாமலும் இருந்தால் அந்த ஊனைப் பிக்கு ஏற்கலாம் என்பது பௌத்த விதி. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்த நீலகேசி, பௌத்தரின் ஊனுணவை எதிர்த்து வாதாடுகிறது. குறளும் நீலகேசியும் ஒரே இடத்தில்தான் கை வைக்கின்றன: கத்தி பிடித்தவனோடு கணக்கு முடிவதில்லை.

இந்த இடத்தில் எங்கள் சமணரும் கணக்குக் காட்டியாக வேண்டும். ஊன், கள், தேன் மூன்றையும் விலக்கினோம். முனிவர் கையிலுள்ள பீலி மயில் தானாக உதிர்த்தது என்போம். ஆனால் பாலும் நெய்யும்? பாலையும் விலக்கும் 'வீகன்' என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் பிறந்தது. தமிழில் நனிசைவம் என்கிறார்கள். என் பேத்தியும் அந்தக் கட்சி. "தாத்தா, பால் தானா உதிருதா?" என்று கேட்டாள். "கன்று குடித்த மிச்சம்" என்பது பழைய பதில். நாலு மாடு வைத்திருந்த கிராமத்துக்கு அது ஓரளவு செல்லும். பாக்கெட் பாலுக்குச் செல்லாது. ஈன்றால்தான் பால், ஈனும் கன்றில் ஏறக்குறையப் பாதி ஆண். ஏரும் வண்டியும் போன பிறகு அவற்றுக்கு வேலை ஏது? பால் உற்பத்தியில் உலகில் முதலிடம் நம் நாட்டுக்கு. எருமை இறைச்சி ஏற்றுமதியிலும் முன்வரிசை. இந்த இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று ஒரு வியாபாரியிடம் சொல்லாதீர்கள்.

ஆகவே 256ஆம் குறளை ஊனுக்கு மட்டும் ஓட்டி, பாலுக்கு நிறுத்துவது நேர்மையான உரை ஆகாது. பாலும் புலாலும் சமம் என்று நான் சொல்லவில்லை. கொன்றால்தான் ஊன், கொல்லாமலும் பால் கிடைக்கும். குற்றத்தில் கூடுதல் குறைவு உண்டு. குறைவு என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

நம் சங்கத்தில் மீன் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள், வெங்காயம் தொடாதவர்களும் இருக்கிறார்கள். யாரும் யாருக்கும் நீதிபதி இல்லை. பாலை விட்ட பிள்ளைகளைக் கேலி பண்ணாமல் இருந்தால் போதும். அடுத்த பொங்கல் விருந்தில் தேங்காய்ப்பால் பாயசம் ஒரு அண்டா வைக்கலாமே! குறளை மேடையில் சொல்லிவிட்டுப் போவதைவிட அது மேல்.