இரவல் வாங்கிய சொல்

அரபு மதரஸாக்களில் 'பலாகத்' எனப்படும் அணியிலக்கணத்தை ஓதிக் கொடுக்கும்போது, 'இஸ்திஆரா' என்னும் பகுதி வந்ததும் மாணவர்கள் சற்றுத் தடுமாறுவது வழக்கம். தமிழில் உருவகம் என்று கூறி மேலே சென்றுவிடலாம். ஆயினும் அச்சொல்லின் நேர்ப்பொருள் இரவல் கேட்டல் என்பதாகும். ஒரு பொருளுக்குரிய சொல்லை மற்றொரு பொருளுக்காக இரவலாகப் பெறுகிறோம். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் அப்துல் காஹிர் ஜுர்ஜானி அவர்கள் தமது 'அஸ்ராருல் பலாகா'வில் இவ்வாறே இதனை இரவற் பொருளோடு ஒப்பிட்டு விளக்குகிறார்கள். பல்லாண்டுகளாக இப்பாடத்தை நடத்தி வந்த நமக்கு, இச்சொல்லின் ஆழத்தை ஓர் இத்தாலியத் திரைப்படம் உணர்த்தியது என்றால் வாசகர்கள் வியப்படையக் கூடும்.

திரைப்படங்களில் நமக்கு நாட்டம் குறைவு. பழைய மாணவர் ஒருவர் வற்புறுத்தித் தமது கணினியில் காட்டிய 'இல் போஸ்தினோ' 1994-ல் வெளிவந்தது. தபால்காரர் என்பது இத்தலைப்பின் பொருள். சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதா 1952-ல் இத்தாலியின் காப்ரித் தீவில் தங்கியிருந்தது வரலாறு. அந்தோனியோ ஸ்கார்மெத்தா தம் நாவலில் கதையைச் சிலியிலேயே அமைத்திருக்க, இயக்குநர் மைக்கேல் ராட்ஃபோர்ட் அதனை ஓர் இத்தாலியத் தீவுக்கு மாற்றியிருக்கிறார்.

மீனவர் மகன் மரியோ. மிதிவண்டியில் அவன் கடிதம் கொண்டு செல்வது நெரூதா ஒருவருக்கே. ஒரு நாள் கடற்கரையில் கவிஞர் கவிதை சொல்ல, அவருடைய சொற்களில் தான் ஒரு படகைப்போல ஆடியதாக மரியோ கூறுகிறான். தான் ஓர் உவமையைச் சொல்லிவிட்டது அவனுக்கே தெரியவில்லை. நெரூதா எடுத்துக் கூறியதும் அம்முகத்தில் நாணமும் மகிழ்ச்சியும் மாறி மாறித் தோன்றுகின்றனவே, அதற்காகவே இப்படத்தை ஒருமுறை பார்க்கலாம். மரியோவாக நடித்த மாஸ்ஸிமோ த்ரோயிசி கடும் இதய நோயுடன் நடித்தவர். படப்பிடிப்பு முடிந்து ஒரு நாள் கழியுமுன் தமது நாற்பத்தோராம் வயதில் காலமானார்.

தான் விரும்பிய பெண்ணிடம் நெரூதாவின் கவிதையைத் தன்னுடையதுபோல் கொடுத்துவிடுகிறான் மரியோ. கவிஞர் கடிந்துகொள்ளும்போது, கவிதை எழுதியவருக்கன்று, தேவைப்பட்டவருக்கே உரியது என்று வாதிடுகிறான். படத்தில் இவ்விடத்தைச் சிரிப்புக்காக வைத்திருக்கிறார்கள். நமக்கோ சிரிப்பு வரவில்லை. நம் திருவெள்ளறையில் பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் எடுப்பித்த மாற்பிடுகு பெருங்கிணறு இருக்கிறது. நான்கு புறமும் படிகள் இறங்கும் அக்கிணற்றின் கல்வெட்டில் ஒரு தமிழ்ப் பாடலும் உண்டு. முதுமை வந்து தளர்த்துமுன் உண்டது போக எஞ்சியதை உலகுக்கு வைத்துச் செல்லுமாறு கூறுவது அது. தண்ணீர் மொள்ள வந்தவரெல்லாம் அப்பாடலுக்கும் உரியவர்தாம் என்று அறிந்தே அங்கே பொறித்திருப்பார்கள் போலும். மரியோவின் வாதம் நமக்குப் புதிதன்று.

ஆனால் இரவல் என்றால் திருப்பித் தரவும் வேண்டுமல்லவா? படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நெரூதா நாடு திரும்புகிறார். கடிதம் வரவில்லை. வந்த ஒன்றும் அவர் செயலாளர் எழுதியது; விட்டுச் சென்ற பொருள்களை அனுப்பச் சொல்வது. ஊரார் ஏளனம் செய்ய, மரியோ கவிஞரைக் குறை கூறவில்லை. முன்னர் இத்தீவின் அழகு ஒன்றைச் சொல்லுமாறு அவர் கேட்டபோது ஒரு பெண்ணின் பெயரைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாதிருந்தோமே என்று எண்ணி, அவருடைய ஒலிப்பதிவுக் கருவியையே எடுத்துக்கொண்டு புறப்படுகிறான். சிறிய அலை, பெரிய அலை, பாறையில் மோதும் காற்று, தந்தையின் துயரம் தோய்ந்த வலைகள், ஆலயமணி, விண்மீன் நிறைந்த வானம், பிறவாத மகனின் இதயத் துடிப்பு என ஒவ்வொன்றாகப் பதிவு செய்கிறான். வானத்திற்கு ஏது ஓசை? கருவியை உயர்த்திப் பிடித்து அவன் மௌனமாக நிற்கிறான். வாங்கிய சொற்களுக்கு ஈடாக ஒரு தீவையே திருப்பிக் கொடுக்கிறான். இவ்வளவு நேர்த்தியாகக் கடன் தீர்த்தவனை நாம் எந்தக் காவியத்திலும் கண்டதில்லை.

குறையும் உண்டு. மதுக்கடைக் காட்சிகள் சில குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத் தக்கவை அல்ல. தேர்தல் அரசியல்வாதியின் பகுதி மேம்போக்கானது.

நட்பும் கவிதையும் என்றதும் நம் நெஞ்சம் உறையூருக்குச் செல்வது இயல்பே. கோப்பெருஞ்சோழனுக்கும் பாண்டி நாட்டுப் பிசிராந்தையாருக்கும் இடையே தபால்காரர் ஓர் அன்னச்சேவல். புறநானூற்றின் 67-ஆம் பாடல் அதனிடம் சொல்லியனுப்பிய செய்தி. இருவரும் நேரில் கண்டதில்லை. மைந்தரோடு மாறுபட்டு வடக்கிருந்த சோழன், ஆந்தையார் வருவார், அவருக்கும் இடம் ஒதுக்குங்கள் என்றான். சான்றோர் ஐயுற்றனர். அவர் வந்தார், உடன் உயிர் துறந்தார். அவ்வாறு உயிர் துறத்தலை நம் மார்க்கம் ஆகுமாக்கவில்லை. எனினும் அந்த வருகையை எண்ணி வியவாதிருக்க இயலாது. 1969-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற பாரதிதாசனின் நாடகம் ஆந்தையார் பெயரையே தாங்கியது.

நம்மை அதிகம் உருக்குபவர் பொத்தியார். உடனிருக்க வந்த அப்புலவரை, மனைவி கருவுற்றிருப்பதால் மகன் பிறந்த பின் வருக என்று சோழன் திருப்பி அனுப்பிவிட்டான். சொன்னபடியே பின்னர் வந்த பொத்தியார், நடுகல்லாகிவிட்ட நண்பனை நோக்கி, எனக்குரிய இடம் எது என்று கேட்கிறார்.

நெரூதாவும் ஆண்டுகள் கழிந்து தீவுக்கு வருகிறார். அவர் பெயரையே சூடிய சிறுவன் பாப்லித்தோ ஓடி வருகிறான். நேப்பிள்ஸ் நகரக் கூட்டத்தில் நெரூதாவுக்காக எழுதிய கவிதையைப் படிக்கச் சென்ற மரியோ, கலவரத்தில் இறந்துவிட்டான். மகன் முகத்தைக் காணவில்லை. ஒலிநாடா மட்டும் சுழல்கிறது. கேட்ட கவிஞர், முதன்முதல் உவமை கற்பித்த அக்கரையில் தனியே நடக்கிறார். இடம் கேட்பதற்கு அங்கே ஒரு நடுகல்லும் இல்லை.