தாவலை விட்டுவிட்டு வளைவைப் பாருங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், புக்கனன் ஊரில் இருக்கிறது ரெட்பட் மைதானம். மோட்டோகிராஸ் எனப்படும் மண்பாதை பைக் பந்தயம் நடக்கும் இடம் அது. அங்கே முதன்முறை வருபவர்கள் எல்லோரும் போய் நிற்பது ஒரே இடத்தில்தான். 'லராக்கோஸ் லீப்' என்ற அந்த மண்மேட்டில் ஏறும் பைக் நூறு அடிக்கு மேல் காற்றில் பறந்து அந்தப் பக்கம் இறங்கும். கண்ணுக்கு விருந்துதான், சந்தேகமில்லை. ஆனால் முந்துவதும் பிந்துவதும் பெரும்பாலும் அங்கே தீர்மானமாவதில்லை. காற்றில் இருக்கும்போது பின்சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் வண்டி வேகமெடுக்காது. உயரப் பறப்பவர் நேரத்தை இழக்கிறார்.

இதை உணர்ந்து ஓட்டும் முறையையே மாற்றியவர் ஃபுளோரிடாவின் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். மேட்டில் ஏறும்போதே வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, எழும்பும் விசையை அமுக்கி, தாழ்வாகவே தாண்டிச் சென்றுவிடுவார். 'ஸ்கிரப்' எனப்படும் அந்த வித்தையை இன்று வார இறுதிப் பந்தயங்களில் பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்து பார்க்கிறார்கள். பெரிய தாவலைப் பார்க்க ஆசைப்படுபவர்கள், யார் உயரமாகப் போகிறார் என்பதை விட்டுவிட்டு யார் முதலில் தரையைத் தொடுகிறார் என்று கவனித்தால் கதை விளங்கும்.

அதைவிட நல்ல இடம் வளைவு. வேலியோரமாக, ஒரு வளைவின் நுழைவும் வெளியேற்றமும் சேர்ந்து தெரிகிற மேடாகப் பார்த்து நிற்க வேண்டும். காலையில் டிராக்டர் வைத்து உழுது, தண்ணீர் லாரி விட்டு நனைத்திருப்பார்கள். தரை பொதபொதவென்று ஒரே சீராக இருக்கும். பத்துப் பதினைந்து பந்தயங்கள் ஓடி முடிவதற்குள் அதே வளைவில் சக்கரங்கள் வெட்டிய பள்ளத்தடங்கள் மூன்று நான்கு விழுந்துவிடும். வெளிவிளிம்பில் மண் குவிந்து சுவர்போல் நிற்கும். உள்தடம் தூரம் குறைந்தது, ஆனால் வேகத்தைக் கொன்றுவிடும். வெளிச்சுவரில் சாய்ந்து சுற்றினால் தூரம் அதிகம், ஆனால் வேகம் குறையாது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஓட்டுபவர் கண நேரத்தில் முடிவு செய்தாக வேண்டும். உட்கார்ந்தபடி பெட்ரோல் டாங்க் பக்கம் நகர்ந்து, உள்பக்கக் காலை முன்னே நீட்டி, வெளிப்பக்க முழங்கையை உயர்த்தி, ஒரு விரலைக் கிளட்சிலேயே வைத்திருப்பவரைப் பார்த்தால் அவருக்குத் தொழில் தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம். பயந்தவர் பின்னால் சாய்ந்திருப்பார். அவருடைய முன்சக்கரம் தடத்தைவிட்டு ஏறி ஏறி இறங்கும்.

மண்ணுக்கு மண் இது மாறும். மாசசூசெட்ஸில் உள்ள சௌத்விக் மைதானம் முழுக்க மணல். அங்கே தடம் நிலைக்காது. சுற்றுக்குச் சுற்று பாதையே இடம்பெயரும். அங்கே நன்றாக ஓட்டுபவர்களுக்கு அமெரிக்க மோட்டோகிராஸ் வட்டாரத்தில் தனி மரியாதை உண்டு. அது நியாயமான மரியாதைதான்.

காதும் வேண்டும். ஆர்எக்ஸ் 100 ஓடிய தெருவில் வளர்ந்தவர்களுக்கு டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் கணீர் ஓசையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிறுவர்களின் 65சிசி, 85சிசி பைக்குகளும் 125சிசி பிரிவும் அந்த ஓசையோடுதான் பாய்கின்றன. சின்ன எஞ்சின் என்பதால் சக்தி ஒரு குறுகிய வேகவரம்புக்குள்தான் கிடைக்கும். வளைவுக்குள் ஓசை தொய்ந்தால் அந்தச் சிறுவன் கியரைத் தவறவிட்டான் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். 250, 450 ஃபோர்-ஸ்ட்ரோக்குகளின் கனத்த உறுமலில் அந்தத் தவறு அவ்வளவாக வெளியே தெரியாது. கற்றுக்கொள்ள நினைக்கும் பார்வையாளர் சிறிய வண்டிகளிடமிருந்து தொடங்குவது நல்லது. இந்த இடத்தில் ஆஷ்லி ஃபியோலெக்கைச் சொல்லியாக வேண்டும். பிறவியிலேயே காது கேளாதவர். எஞ்சினின் அதிர்வை உடம்பால் உணர்ந்தே கியர் மாற்றி, 2008, 2009, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கப் பெண்கள் மோட்டோகிராஸ் பட்டத்தை வென்றவர்.

தொடக்கம் சில நொடிகள்தான். ஆனால் தவறவிடக் கூடாது. எல்லோரும் ஒரே வரிசையில், இரும்பு கேட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். 30 நொடி அட்டை உயரும். அதைப் பக்கவாட்டில் திருப்பியதும் அடுத்த 5 முதல் 10 நொடிக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட் விழும். அது விழுவது ஓட்டுபவரை நோக்கி. அவசரப்பட்டு முன்னே நகர்ந்தவரின் சக்கரம் கேட்டில் முட்டி அங்கேயே நின்றுவிடும். கேட் விழுவதற்கு முன், ஒவ்வொருவரும் தன் இடத்து மண்ணைப் பூட்ஸால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தும் சடங்கையும் பார்க்கலாம். முதல் வளைவை முதலாவதாகக் கடப்பவருக்கு 'ஹோல்ஷாட்'. அவருக்கு மட்டும்தான் முகத்தில் மண் அடிக்காது.

இனி குடும்பம். தனியாக ஒருவர் இந்தப் பொழுதுபோக்கை நடத்திச் செல்வது கடினம். சனிக்கிழமையே வேனும் டிரெய்லரும் வந்து சேர்ந்துவிடும். ஏர் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் தடவுவது, செயின் தொய்வைப் பார்ப்பது, ஸ்போக்கை இறுக்குவது, கண்ணாடியின் மேல் கிழித்தெறியும் மெல்லிய ஏடுகளை அடுக்குவது என்று வேலை ஏராளம். அப்பா பைக்கோடு மல்லுக்கட்டும்போது அக்கா டிராக் ஓரத்தில் பலகையில் சாக்பீஸால் எழுதிக் காட்டுவாள். அதில் தம்பி எத்தனையாவது என்ற எண்ணோ, 'மூச்சு விடு' என்ற இரண்டு சொல்லோ இருக்கும். இந்த வேலைப் பங்கீட்டைப் பார்ப்பதற்காகவே வண்டிகள் நிற்கும் பகுதியில் ஒரு நடை போகலாம்.

சாம்பியன்கள் பலர் இந்த வேன்களிலிருந்து இறங்கியவர்களே. ரிக்கி கார்மைக்கேல் 2002இலும் 2004இலும் பருவம் முழுவதும் ஒரு மோட்டோகூட, அதாவது ஒரு ஓட்டம்கூட, தோற்காமல் 24க்கு 24 வென்றார். அவர் சிறுவனாக இருந்தபோது பயிற்சியை முன்னின்று நடத்தியவர் அம்மா ஜீனி. மினசோட்டாவின் மில்வில்லில் ஸ்பிரிங் கிரீக் மைதானத்தை நடத்தும் மார்ட்டின் குடும்பத்தில், வீட்டு டிராக்கிலேயே வளர்ந்த அலெக்ஸ், ஜெரமி இருவரும் தொழில்முறை வீரர்களானார்கள். ஜெரமி 2014, 2015 ஆண்டுகளில் 250 பிரிவின் தேசியப் பட்டம் வென்றார்.

அமெச்சூர் உலகத்தின் திருவிழா டென்னசியில், ஹரிக்கேன் மில்ஸில் நடக்கிறது. கன்ட்ரி இசைப் பாடகி லொரெட்டா லின்னின் பண்ணையில் 1982 முதல் நடந்துவரும் தேசியப் போட்டி அது. வட்டாரத் தகுதிச்சுற்று, மண்டலச் சுற்று இரண்டையும் தாண்டியவர்களுக்குத்தான் இடம். நான்கு வயதுக் குழந்தையின் 50சிசி முதல் 50 வயது கடந்தவர்கள் வரை முப்பதுக்கு மேற்பட்ட பிரிவுகள். ஒரு பிரிவில் 42 பேர். இந்த டிராக்கை ஆண்டில் அந்த ஒரு வாரத்துக்காகவே தயார் செய்வதால், யாருக்கும் சொந்த மண் என்ற சலுகை கிடையாது. இது எவ்வளவு அழகான ஏற்பாடு என்பது போட்டியின் முதல் நாளிலேயே புரியும். எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த மண்ணைப் படிக்கத் தொடங்குகிறார்கள். வரிசையாக மேடுகள் வரும் ஒரு பகுதிக்குப் 'பத்துக் கட்டளைகள்' என்று பெயர். பந்தயம் இல்லாத பொழுதில் பிள்ளைகள் ஓடையில் கிடப்பார்கள்.

50சிசி பந்தயத்தைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடக் கூடாது. ஆட்டோமேட்டிக் கிளட்ச், ஒரே கியர். அதனால் பிள்ளைக்கு முறுக்குவதும் பிரேக் பிடிப்பதும் பாதை பார்ப்பதும் மட்டுமே வேலை. பெரிதாகத் தாவாத வயது என்பதால் பாதையின் கணக்கு ஒளிவுமறைவின்றித் தெரியும்.

ஆபத்தை மறைத்து இதை ரசிக்க முடியாது. எலும்பு முறிவு இந்த விளையாட்டில் சாதாரணம். அதனால் கொடிகளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. வெள்ளையில் சிவப்புச் சிலுவை என்றால் மருத்துவக் குழு டிராக்கில் இருக்கிறது, தாவவும் கூடாது, முந்தவும் கூடாது. அந்தக் கொடிக்குப் பணிந்து, பின்தங்கினாலும் பரவாயில்லை என்று மேட்டை உருட்டிக் கடக்கும் சிறுவனுக்குக் கைதட்டலாம். இன்று பலர் அணியும் கழுத்துக் காப்பு ஒரு தந்தையின் கவலையில் பிறந்தது. சக ஓட்டுநர் ஒருவரின் மரணத்தைக் கண்ட தென்னாப்பிரிக்க மருத்துவர் கிறிஸ் லியாட், தன் சிறுவயது மகனும் பைக் ஓட்டத் தொடங்கியிருந்த நேரத்தில் அதை வடிவமைக்க இறங்கினார்.

உள்ளூர்ப் பந்தயத்தில் பொதுவாக ஒரு பிரிவுக்கு இரண்டு மோட்டோக்கள். காலையில் ஒன்று, மதியத்துக்குமேல் ஒன்று. ஒருவர் முதல் ஓட்டத்தில் 1, இரண்டாவதில் 2 என்றும், இன்னொருவர் 2, 1 என்றும் வந்தால் கோப்பை இரண்டாமவருக்கு. கணக்கு சமமானால் கடைசி ஓட்டமே தீர்ப்பு. எனவே சாப்பாட்டோடு கிளம்புவது பாதிக் கதையில் எழுந்து போவதாகும். அதிலும் மதியத்தில்தான் தடங்கள் ஆழமாகி, கைகள் மரத்து, ஓட்டுபவரின் உண்மையான தரம் வெளிப்படும். காதடைப்பான், தொப்பி, மண்பட்டால் கவலையில்லாத செருப்பு, கூடுதல் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். குழந்தைகளின் கையை விடக் கூடாது. காலை முடிவுப் பட்டியல் ஒட்டப்பட்டதும் அதில் பதினெட்டாவது, இருபதாவது இடத்தில் இருக்கும் ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டு, மதிய ஓட்டத்தில் அந்த எண்ணை மட்டும் பின்தொடரலாம். அந்தப் பதினெட்டாமவர் எந்த வளைவில் தடத்தை மாற்றினார், அதனால் எத்தனை பேரைக் கடந்தார் என்பது முன்னணியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாமலே போய்விடும்.