பகலில் கலியாண வீடியோ, இரவில் விளையாட்டு: கல்முனைக் கரையோரத்துக்கு ஏற்ற புரொசெசர்

மருதமுனையில் இருந்து அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களில் மேசைக் கணினி வாங்கும் இளைஞர் பலருக்கு அந்த ஒரே இயந்திரம் இரண்டு வேலைகளுக்கு உதவியாக வேண்டும். பகலில் அதில் நிக்காஹ், வலீமா வீடியோக்கள் எடிட் செய்யப்படுகின்றன. இரவில் அதிலேயே கவுண்டர் ஸ்ட்ரைக், பப்ஜி போன்ற விளையாட்டுகள் ஓடுகின்றன. இவ்விரு வேலைகளும் புரொசெசரிடம் கேட்பவை வேறுவேறு என்பதால், எது மிக வேகமானது என்று கேட்பதைவிட, எந்த வேலையில் கணினி உரிமையாளரை அதிகம் காக்க வைக்கிறது என்று கேட்பதே தேர்வுக்குச் சரியான தொடக்கமாகும்.

விளையாட்டில் புரொசெசர் ஒவ்வொரு காட்சிச் சட்டத்தையும் குறித்த நேரத்துக்குள் கணித்து கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்க வேண்டும். செக்கனுக்கு 60 சட்டங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கன் மட்டுமே கிடைக்கிறது. இங்கு கோர்களின், அதாவது தனித்தனியே கணிக்கும் அலகுகளின், எண்ணிக்கை ஆறு அல்லது எட்டைத் தாண்டினால் பெரும்பாலும் பயன் குறைவு. கேஷ் எனப்படும் உள்நினைவகமே முடிவைத் தீர்மானிக்கிறது. மருதமுனைத் தறியில் அடுத்து வேண்டிய நூல் நெசவாளரின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் ஓட்டம் அறுபடாமல் இருப்பது போல, வேண்டிய தரவு கேஷில் இருந்தால் புரொசெசர் சில நானோசெக்கன்களில் அதைப் பெறுகிறது. ரேமுக்குப் போய் வருவதற்கோ அதைப் போலப் பல மடங்கு நேரம் செல்கிறது. ஏஎம்டி நிறுவனம் 2022இல் ரைசன் 7 5800எக்ஸ்3டியில் கூடுதல் கேஷை மேலடுக்காகப் பொருத்தி மூன்றாம் நிலைக் கேஷை 96 மெகாபைட்டாக உயர்த்தியதும், 2023இல் 7800எக்ஸ்3டி, 2024 நவம்பரில் 9800எக்ஸ்3டி என்று அதே வழியில் தொடர்ந்ததும் இதனால்தான். ஆயினும் இந்த ஆதாயம் விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டும் உயர்வேகத் திரையும் உள்ளவருக்கே முழுமையாகத் தெரியும். நடுத்தர கார்டுடன் 1440பி திரையில் விளையாடுபவருக்குத் தடை கார்டில் இருப்பதால், புரொசெசருக்குக் கொடுத்த மேலதிகப் பணம் திரையில் தென்படாது.

வீடியோ எடிட்டிங்கின் கதை வேறு. கனன் ஆர்6, சோனி ஏ7 IV போன்ற கமெராக்கள் 10 பிட் 4:2:2 முறையில் எச்.265 கோப்புகளைப் பதிவு செய்ய வல்லவை. 4:2:2 என்பது ஒளிர்வை ஒவ்வொரு புள்ளிக்கும், நிறத்தைப் பக்கத்துப் பக்கமாக உள்ள இரு புள்ளிகளுக்கு ஒன்று என்றும் பதியும் முறை. வழமையான 4:2:0 நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகச் சுருக்குகிறது. மணப்பெண்ணின் சேலைச் சரிகையும் மண்டபத்தின் வண்ண விளக்குகளும் ஒரே சட்டத்தில் வரும்போது நிறத்தைத் திருத்துவதற்கு இந்தக் கூடுதல் தகவல் பெரிதும் உதவுகிறது. ஆனால் இவ்வகைக் கோப்பை விரித்துக் காட்டத் தனி வன்பொருள் இல்லாத கணினியில், பிரீமியர் புரோவின் டைம்லைன் நகர்த்தும்போதெல்லாம் திக்கித் திக்கியே ஓடும். பல கோர்கள் இருந்தும் அத்தனையும் இந்த விரித்தலிலேயே களைத்துப் போகும். இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதல் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் உள்ள குயிக் சிங்க் என்னும் பகுதி இந்த வேலையைத் தானே ஏற்றுக்கொள்கிறது. சாதாரண ரைசன்களில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இருந்தாலும் 4:2:2 விரித்தல் அதில் இல்லை. என்விடியா அதனை 2025இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்த்தது.

இங்கேதான் பெயரின் கடைசியில் நிற்கும் எஃப் எழுத்து கவனத்துக்குரியதாகிறது. ஐ5 12400எஃப் போன்றவற்றில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் முடக்கப்பட்டிருப்பதால் விலை சற்றுக் குறைகிறது. அத்துடன் குயிக் சிங்க்கும் போய்விடுகிறது. தனி கார்ட் இருப்பதால் அது தேவையில்லை என்ற அறிவுரை விளையாட்டுக்கு மட்டுமே வாங்குபவருக்குச் சரியானது. பழைய கார்டுடன் கலியாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவருக்கு அது தவறானது, ஏனெனில் அந்தச் சிறு மிச்சத்துக்காக அவர் பல ஆண்டுகளின் உழைப்பு நேரத்தை இழக்கிறார்.

மின்சாரமும் வெப்பமும் மூன்றாவது காரணி. இலங்கையில் இதற்குக் கொடுக்க வேண்டிய எடை விமர்சனங்களில் கொடுக்கப்படுவதில்லை. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்த அனுபவத்துக்குப் பின் யூபிஎஸ் இல்லாத எடிட்டிங் மேசையை நினைத்துப் பார்ப்பது கடினம். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவையே தாங்கும். ஐ9 14900கே உச்சச் சுமையில் 253 வாட் வரை எடுக்க அனுமதிக்கப்பட்டது. அதனுடன் 200 வாட் கார்ட் ஒன்று சேர்ந்தால், ரெண்டர் நடுவே மின்சாரம் போகும் கணத்தில் யூபிஎஸ்ஸும் சேர்ந்து நின்றுவிடும். ஏசி இல்லாத அறையில், 30 பாகையைத் தாண்டிய காற்றையே உள்ளிழுக்கும் கூலர் அந்த வெப்பத்தை வெளியேற்றத் திணறும். கடற்காற்றின் உப்பும் தூசியும் ஹீட்சிங்க்கில் படியப் படிய நிலை மேலும் மோசமாகும். 13ஆம், 14ஆம் தலைமுறை உயர்நிலைப் புரொசெசர்கள் மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலைந்ததை இன்டெல் 2024இல் ஏற்று, மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டியதும் நினைவில் கொள்ளத் தக்கது. கொழும்பு யுனிட்டி பிளாசாவில் வாங்கிய ஒன்றை மாற்றுவதற்கு 300 கிலோமீற்றருக்கு மேல் அனுப்ப வேண்டிய ஊருக்கு, உத்தரவாதம் இருப்பதைவிட அதைத் தேட நேராமல் இருப்பதே பெரிது.

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், எடிட்டிங்கையும் விளையாட்டையும் ஒரே இயந்திரத்தில் செய்பவருக்கு ஐ5 14500 மிகப் பொருத்தமானது. ஆறு பெரிய கோர்களும் எட்டுச் சிறிய கோர்களும், இரண்டு வீடியோ இயந்திரங்கள் கொண்ட யூஎச்டி 770 கிராஃபிக்ஸும், 65 வாட் அடிப்படைச் சக்தியும் அதில் ஒன்றுசேர்கின்றன. உச்சம் 154 வாட் என்றாலும் விளையாட்டில் அந்த அளவை அது எட்டுவது அரிது. அது பொருந்தும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்கு எதிர்காலம் இல்லை என்ற குறை உண்மையானது. ஆர்டிஎக்ஸ் 50 கார்டும் சேர்த்தே வாங்கக்கூடியவருக்கு, 2022இல் தொடங்கி இன்னும் வளரும் ஏஎம்5 சாக்கெட்டில் 65 வாட் ரைசன் 7 7700 அதைவிட நல்ல வழி. பதினாறு கோர் ரைசன் 9 9950எக்ஸ், பிளெண்டரில் புரொசெசரைக் கொண்டே நாள் முழுவதும் ரெண்டர் செய்பவருக்கன்றி மற்றவருக்கு வீண் செலவு. ரூபாயின் பெறுமதி 2022இல் சரிந்து, பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்ந்த நாட்டில், அந்தப் பணம் 32 ஜிகாபைட் ரேமுக்கும் நல்ல எஸ்எஸ்டிக்கும் போவதே முறை.

ஏற்கெனவே பி450 மதர்போர்டில் பழைய ரைசன் வைத்திருப்பவர் எதையும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. எட்டுக் கோர் கொண்ட, 65 வாட்டில் அடங்கும் ரைசன் 7 5700எக்ஸ் அதே போர்டில், அதே டிடிஆர்4 ரேமுடன் இயங்கும். பழைய புரொசெசரைக் கழற்றுவதற்கு முன்பே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும், ஏனெனில் புரொசெசர் இன்றிப் புதுப்பிக்கும் வசதி அக்காலப் போர்டுகள் பலவற்றில் இல்லை. அந்தச் சில நிமிடங்களில் கணினி யூபிஎஸ்ஸில் இணைக்கப்பட்டிருப்பது கட்டாயம்.