பரோக் ஹோடவுன்: துள்ளலிசை ஒன்றைப் பின்னணிக்குத் தேர்தல்

ஒரு குறிப்பிட்ட படத்துக்கென்று அமைக்கப்படாமல், முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டு, உரிமக் கட்டணம் செலுத்துவோர் எவரும் விளம்பரத்திலோ ஆவணப்படத்திலோ பயன்படுத்திக்கொள்ளுமாறு வைக்கப்பட்டிருக்கும் இசையே தயாரிப்பு இசை எனப்படுகிறது. லண்டனின் டி வுல்ஃப், கேபிஎம் ஆகிய இசை நூலகங்கள் இத்தொழிலில் நெடுங்கால அனுபவம் உடையவை. துள்ளலான மின்னணு இசையைத் தேடுவோர் அது கேட்க உற்சாகமாக இருக்கிறதா என்பதோடு நின்றுவிடுவதால், பேச்சுக்கு அடியில் அது அடங்கிப் போகுமா, விரும்பிய இடத்தில் வெட்ட முடியுமா, சலிப்பின்றித் திரும்பத் திரும்ப ஒலிக்குமா என்னும் கேள்விகள் படத்தொகுப்பின்போதுதான் எழுகின்றன. ழான்-ழாக் பெர்ரேயும் கெர்ஷன் கிங்ஸ்லியும் 1967இல் வான்கார்ட் நிறுவனத்தின் வழியே வெளியிட்ட ‘பரோக் ஹோடவுன்’, நூலக இசையாகப் பிறந்ததன்று எனினும், இக்கேள்விகளை வைத்துச் சோதிக்க மிகவும் ஏற்றது.

ஹார்ப்சிகார்டின் நறுக்கென்ற மீட்டலையும், ஹோடவுன் என்னும் அமெரிக்க நாட்டுப்புற ஆட்டத்தின் விரைந்த நடையையும் மோக் சின்தசைசரில் ஒன்றுசேர்த்தது இத்தடத்தின் சிறப்பு. அக்காலத்து மோக் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே ஒலிக்கவல்லது என்பதால், ஒவ்வொரு இசைவரியும் நாடாவில் தனித்தனியே பதிவாகி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட வேண்டியிருந்தது. மெட்டும் தாளமும் ஒன்றில் ஒன்று கரையாமல் விளிம்பு தெளிந்து கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதற் சோதனை பேச்சு. மனிதக் குரலில் மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் கூர்மை பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அமைகிறது. பரோக் ஹோடவுனின் மெட்டு தன் மினுமினுப்பை எல்லாம் அதே பகுதியில்தான் கொட்டுகிறது. வர்ணனைக் குரலுக்கு அடியில் இதை வைத்தால், விரைந்து கொத்தும் சுரங்கள் ‘ச’, ‘ட’ போன்ற ஒலிகளோடு மோதி, கேட்பவரின் கவனத்தை ஓயாமல் இழுக்கின்றன. ஒலியளவைக் குறைத்தாலும் மெட்டு மறைவதில்லை, தொலைவில் நச்சரிப்பதாக மாறுகிறது. ஈக்குவலைசரில் அப்பகுதியை மட்டும் தாழ்த்தினாலோ தடத்தின் உயிரே போய்விடுகிறது. இன்றைய நூலகங்கள் முழுத் தடத்தோடு, ஸ்டெம் எனப்படும் பகுதிப் பதிவுகளையும் மெட்டு நீக்கிய பிரதியையும் சேர்த்தே வழங்குவது இத்தகைய சிக்கலுக்காகத்தான். ஆகவே வர்ணனைக்குப் பின்னணியாக இத்தடம் தேறவில்லை.

அடுத்தது வெட்டுதல். நிமிடத்துக்கு 128 அடிகள் ஓடும் தடத்தில் நான்கு அடிகள் கொண்ட ஆவர்த்தனங்கள் பதினாறு முடிவதற்குச் சரியாக 30 விநாடி ஆகிறது. 120 அடிகளாயின், விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில் ஒவ்வோர் அடியும் 12 சட்டகங்களுக்கு ஒருமுறை விழுகிறது. கணினிக் காலத்துத் தடங்களுக்கு இயல்பான இத்துல்லியத்தை 1967இன் நாடாப் பதிவிடம் எதிர்பார்க்க இயலாது என்பதால், தொகுப்பாளர் காதால் கேட்டே அடிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆயினும் இசைத்தொடர்கள் குறுகியவையாகவும் முடிவு தெளிந்தவையாகவும் இருப்பதால், வெட்டிய தடம் தெரியாமல் ஒட்டிவிடலாம்.

திரும்ப ஒலிப்பதில்தான் இத்தடம் வியக்க வைக்கிறது. கலிஃபோர்னியாவின் அனஹைமில் உள்ள டிஸ்னிலாண்டில் 1972 ஜூன் 17 அன்று தொடங்கிய ‘மெயின் ஸ்ட்ரீட் எலக்ட்ரிக்கல் பரேட்’ என்னும் மின்விளக்கு அணிவகுப்புக்கு, ஜிம் கிறிஸ்டென்சனும் பால் பீவரும் இதையே அடிப்படையாகக் கொண்டு புதிய இசையை உருவாக்கினர். ஊர்ந்து செல்லும் ஒவ்வொரு வண்டியும் தனக்குரிய மெட்டை ஒலித்தபோதும், அடியில் ஓடும் நடையும் சுருதியும் பொதுவாக இருந்தமையால், ஓரத்தில் நிற்பவர் ஒரு வண்டியிலிருந்து அடுத்ததற்குக் காதைத் திருப்பும்போது இசை முரணவில்லை. வேறு மெட்டுகளைத் தன் தோளில் ஏற்றிக்கொள்ளும் இந்த ஆற்றல், கேட்பதற்கு மட்டும் இனிய எத்தனையோ தடங்களுக்கு வாய்க்காத பெருங்குணம். வர்ணனைக்கு ஊறு செய்த அதே விடாப்பிடியான துள்ளல் அங்கே கூட்டத்தை நகர்த்தும் விசையாயிற்று. டோக்கியோ டிஸ்னிலாண்டில் 2001இல் தொடங்கிய ‘டிரீம்லைட்ஸ்’ அணிவகுப்பும் இதே மெட்டின்மீதுதான் நடக்கிறது.

ஒலிபரப்புக்கான அளவு சிக்கலானதன்று. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர்128 பரிந்துரை கோரும் −23 எல்யுஎஃப்எஸ் என்னும் சராசரி உரப்புக்குப் பழைய பதிவையும் எளிதில் கொண்டுவரலாம். உரிமமே கவனத்துக்குரியது. நூலக இசையில் படைப்புக்கும் பதிவுக்கும் சேர்த்து ஒரே அனுமதி கிடைக்கும். இத்தகைய வணிக வெளியீட்டில் இரண்டையும் தனித்தனியே பெற வேண்டும். பேசும் படத்துக்கும் இதே உற்சாகம் வேண்டும் என்பவர், படைப்புரிமத்தை மட்டும் பெற்று, மெட்டை விலக்கித் தாளத்தையும் சுரக்கூட்டுகளையும் புதிதாகப் பதிவு செய்துகொள்வதே தக்க வழி.